எஞ்சினைப் பின்னால் வைத்த ஜான் கூப்பர்



நான் எட்டாவது படிக்கும்போது எங்கள் மாமாவின் பட்டறையில் ஒரு பழைய பெட்ரோல் ஜீப்புக்கு டீசல் எஞ்சின் மாற்றினார்கள். பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தவன் நான். பானட்டைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, செயின் பிளாக்கில் எஞ்சினைத் தொங்கவிட்டு, நாலு பேர் சுற்றி நின்று, இப்படித் தள்ளு அப்படித் தள்ளு என்று ஒரு மத்தியானம் முழுக்கப் போராடினார்கள். எஞ்சின் எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்பதை எது முடிவு செய்தது தெரியுமா? முன்னால் ஃபேன் ரேடியேட்டரில் இடிக்கக் கூடாது. பின்னால் பெல் ஹவுசிங், டிரைவர் கால் வைக்கிற தகட்டில் இடிக்கக் கூடாது. அவ்வளவுதான் கணக்கு! இடித்தால் இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளு. ரேடியேட்டரையும் சேர்த்துத் தள்ளு.

வண்டி ஓடியது, மைலேஜும் நன்றாகவே கொடுத்தது. ஆனால் ஒரு தடவை மலைப்பாதையில் போய்விட்டு வந்த ஓனர், வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்தாலும் வண்டி நேராகவே போகப் பார்க்கிறது என்று முகமெல்லாம் வெளுத்துப்போய் வந்து நின்றார். மாமா முன்பக்க ஸ்பிரிங்கில் இன்னொரு பட்டை சேர்த்துக் கொடுத்து அனுப்பினார். மூக்கு தூக்கியது; வியாதி தீரவில்லை.

இந்தச் சம்பவத்தை ஏன் சொல்கிறேன் என்றால், இந்தக் கட்டுரையின் நாயகரும் தன் முதல் பந்தயக் காரில் எஞ்சினை இடிக்காத இடமாகப் பார்த்து வைத்தவர்தான். பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. இன்னொரு வண்டியிலிருந்து கழற்றிய எஞ்சின், கையில் இருந்த சங்கிலியின் நீளம், இரண்டையும் பார்த்து வைத்தார். அது சரியான இடமாக அமைந்துவிட்டது! மினி கூப்பர் என்று காரின் பின்னால் எழுதியிருக்கிறதே, அந்தக் கூப்பர்தான் இவர்.

ஜான் நியூட்டன் கூப்பர், இங்கிலாந்தில் லண்டன் மாநகருக்குத் தென்மேற்கே உள்ள சர்பிட்டன் என்ற ஊரில் 1923-ஆம் ஆண்டு ஜூலை 17-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் சார்லஸ் கூப்பர், ஹாலிஃபீல்டு ரோட்டில் கார் பழுது பார்க்கும் கராஜ் வைத்திருந்தார். கே டான் என்ற அக்காலத்துப் பெரிய பந்தய வீரருக்கு மெக்கானிக்காக இருந்தவர். ஆகவே பையனுக்கு விளையாட்டுச் சாமானே ஸ்பேனரும் ஸ்க்ரூ டிரைவரும்தான். ஜானுக்கு எட்டு வயதானபோது மோட்டார் சைக்கிள் எஞ்சின் வைத்து ஒரு குட்டிக் கார் செய்து கொடுத்தார் அப்பா. பன்னிரண்டு வயதில் ஆஸ்டின் செவனை அடிப்படையாக வைத்து இன்னொரு கார். அது மணிக்கு 90 மைல் வரை ஓடுமாம்! நம்ம ஊரில் அந்த வயதில் குரங்குப் பெடல் போட்டுச் சைக்கிள் பழகுவோம்.

பள்ளிப் படிப்பு பதினைந்து வயதோடு சரி. அதன்பின் டூல் மேக்கர் அப்ரெண்டிஸ். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில் விமானப் படையில் கருவிகள் செய்யும் வேலை. அவர் எஞ்சினியரிங் கல்லூரியில் கால் வைத்தவரே அல்ல என்பதை இங்கே ஒருமுறை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். பின்னால் இந்த விஷயம் அவருக்குப் பலமாகவும் இருந்தது, பலவீனமாகவும் வந்து சேர்ந்தது.

போர் முடிந்தது. இங்கிலாந்தில் பெட்ரோல் ரேஷன், இரும்பு கிடைப்பது குதிரைக் கொம்பு, யார் கையிலும் காசு கிடையாது. ஆனாலும் ரேஸ் ஓட்ட வேண்டும் என்கிற ஆசை மட்டும் யாரையும் விடவில்லை. பிரிஸ்டல் நகர்ப்பக்கம் சில ஆர்வலர்கள் கூடி, 500 சி.சி. மோட்டார் சைக்கிள் எஞ்சின் வைத்த சின்னப் பந்தயக் கார்களுக்கு ஒரு விதிமுறை வகுத்தார்கள். ஏழைகளின் பந்தயம் என்றே சொல்லலாம். 1946-இல் ஜானும் அவருடைய சிநேகிதர் எரிக் பிராண்டனும் இதற்கு ஒரு கார் செய்ய இறங்கினார்கள்.

எதை வைத்துச் செய்தார்கள் என்பதுதான் ரசமான பகுதி. ஃபியட் கம்பெனியின் டோப்போலினோ என்கிற குட்டிக் கார். போருக்கு முன்னால் வந்தது. அதில் முன் சக்கரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே ஏறி இறங்கும். குறுக்கே ஒரு லீஃப் ஸ்பிரிங், கீழே இரண்டு கைகள். அப்படிப்பட்ட இரண்டு கார்களின் முன்பாதிகளை மட்டும் அறுத்து எடுத்தார்கள். ஒன்றை முன்னாலும், மற்றதைத் திருப்பிப் பின்னாலும் வைத்து நடுவில் வெல்டு செய்துவிட்டார்கள்! பின் சக்கரங்களுக்கும் தனித்தனி சஸ்பென்ஷன் இனாமாகக் கிடைத்துவிட்டது. எஞ்சின், ஜே.ஏ.பி. என்ற மோட்டார் சைக்கிள் எஞ்சின், ஒரே சிலிண்டர். கியர் பாக்ஸும் மோட்டார் சைக்கிளுடையது. அதிலிருந்து பின் ஆக்ஸிலுக்குச் சங்கிலி.

இப்போது எஞ்சினை எங்கே வைப்பது? வழக்கப்படி முன்னால் வைத்தால், டிரைவரைத் தாண்டிப் பின் சக்கரம் வரை சங்கிலியை இழுக்க முடியுமா? ஆகவே டிரைவர் முதுகுக்குப் பின்னால், பின் ஆக்ஸிலுக்குச் சற்று முன்னால் வைத்தார்கள். சங்கிலி குட்டையாக முடிந்தது. அவ்வளவுதான் விஷயம். ஈர்ப்பு மையமும் இல்லை, நிலைமத் திருப்புத்திறனும் இல்லை. பிற்காலத்தில் கேட்டவர்களிடமெல்லாம் ஜான் கூப்பர் இதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். ஒரு பெரிய மாற்றத்துக்குக் காரணமானவர், நான் யோசித்துச் செய்யவில்லை, வசதிக்காகச் செய்தேன் என்று சொல்ல ஒரு மனசு வேண்டும். எனக்கு இவரைப் பிடித்ததே இதனால்தான்.

எஞ்சினைப் பின்னால் வைத்த முதல் ஆள் இவர் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1934 முதல் 1937 வரை ஜெர்மனியின் ஆட்டோ யூனியன் கம்பெனி, ஃபெர்டினாண்ட் போர்ஷே வடிவமைத்த கார்களில் பதினாறு சிலிண்டர் எஞ்சினை டிரைவருக்குப் பின்னால் வைத்து ஓட்டியது. பல பந்தயங்களில் வென்றது. ஆனால் அந்தக் கார்களைக் கட்டுப்படுத்துவது மகா கஷ்டம் என்று பெயராகிவிட்டது. எஞ்சின் பெரிசு, பின்பக்க சஸ்பென்ஷன் ஒத்துழைக்கவில்லை, டிரைவர் முன் சக்கரங்களுக்கு மிக அருகில் உட்கார வேண்டியிருந்தது. போருக்குப் பிறகு பெரிய கம்பெனிகள் எல்லாம், எஞ்சினுக்கு இடம் முன்னால்தான் என்று பழைய வழிக்கே திரும்பிவிட்டன. ஃபெராரி, மாசெராட்டி, பிறகு வந்த மெர்சிடிஸ், எல்லாமே முன்னால்.

கூப்பர் 500 வேகமாக ஓடியது. பார்த்தவர்கள் எனக்கொன்று, உனக்கொன்று என்று கேட்க ஆரம்பித்தார்கள். 1948-இல் வரிசையாகச் செய்து விற்கத் தொடங்கினார்கள் அப்பாவும் மகனும். அந்த வருஷம் ஒன்றை வாங்கிய பதினெட்டு வயதுப் பையனின் பெயர் ஸ்டிர்லிங் மாஸ். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற அதே மாஸ்தான்! 1950 மே மாதம் மொனாக்கோவில் ஹாரி ஷெல், 1100 சி.சி. ஜே.ஏ.பி. எஞ்சின் போட்ட கூப்பரோடு வந்து நின்றார். உலகச் சாம்பியன்ஷிப் பந்தயம் ஒன்றில் பின்னால் எஞ்சின் வைத்த கார் கலந்துகொண்டது அதுவே முதல் தடவை. முதல் சுற்றிலேயே நடந்த பெரிய இடிபாட்டில் சிக்கி வெளியேறிவிட்டது. யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை.

கூப்பர்களே கவனிக்கவில்லை என்றால் நம்புவீர்களா? 1952-இல் பெரிய பந்தயங்களுக்கென்று இரண்டு லிட்டர் பிரிஸ்டல் எஞ்சின் போட்ட கார் ஒன்று செய்தார்கள். ஆறு சிலிண்டர், நீளமான எஞ்சின். எங்கே வைத்தார்கள்? முன்னால்! மைக் ஹாதார்ன் அதை ஓட்டி, அந்த ஆண்டு பிரிட்டிஷ் கிராண்ட் பிரியில் மூன்றாவதாக வந்தார்; அதைப் பார்த்து ஃபெராரி கம்பெனி அவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. வைரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கூழாங்கல் பொறுக்கப் போன கதைதான். எஞ்சின் பின்னால் இருப்பதன் அருமை அவர்களுக்கே இன்னும் பிடிபடவில்லை.

அருமையை உணர்த்தியது ஒரு தீயணைப்பு பம்ப் எஞ்சின். போருக்குப் பின் இங்கிலாந்து அரசாங்கம் தீயணைப்புக்காக, ஆட்கள் தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய லேசான பம்ப் கேட்டது. கவென்ட்ரி கிளைமாக்ஸ் என்ற கம்பெனி அதற்காக 1020 சி.சி.யில் அலுமினியம் எஞ்சின் ஒன்று செய்தது. வால்டர் ஹாசன், ஹாரி மண்டி என்ற இரு எஞ்சினியர்களின் கைவண்ணம். லேசு, ஆனால் சக்தி அதிகம். பந்தயப் பைத்தியங்கள் சும்மா விடுவார்களா? 1098 சி.சி.யாகப் பெரிதாக்கி, காருக்கு ஏற்ற வடிவத்தில் தாருங்கள் என்று கேட்டு வாங்கினார்கள். கூப்பர்கள் அதை 1955-இல் தங்கள் ஸ்போர்ட்ஸ் காரில் டிரைவருக்குப் பின்னால் வைத்தார்கள். கியர் பாக்ஸுக்கு என்ன செய்வது? எஞ்சினும் கியர் பாக்ஸும் டிஃபரன்ஷியலும் ஒன்றாக ஒட்டியிருக்கிற அமைப்பு எதிலே இருக்கிறது? முன் சக்கரம் இழுக்கிற காரில்! பிரெஞ்சு நாட்டு சிட்ரோயன் காரின் கியர் பாக்ஸை எடுத்து, மாற்றங்கள் செய்து, பின்பக்கம் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டார்கள். கடையில் கிடைப்பதை வைத்துக் காரியம் பார்ப்பது என்றால் இதுதான்.

அதே 1955-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஜாக் பிராபம் வந்து சேர்ந்தார். மண் தரையில் குட்டிக் கார் ஓட்டிச் சாம்பியனானவர், அதோடு நல்ல மெக்கானிக். சர்பிட்டன் கராஜுக்கு வந்தவர், ஸ்பேனரை எடுத்து வேலை செய்ய ஆரம்பித்தார். அப்படியே குடும்பத்தில் ஒருவராகிவிட்டார். ஜான், பிராபம், வரைபடக்காரர் ஓவன் மேடாக் மூவரும் சேர்ந்த பிறகுதான் தெரியாமல் செய்தது தெரிந்து செய்வதாக மாறியது.

தெரிந்து செய்வது என்றால் என்ன? அப்ளைடு மெக்கானிக்ஸ் பேப்பரில் அரியர்ஸ் வைத்திருக்கும் நண்பர்களும் பயப்படாமல் படிக்கலாம். ஒரு நீண்ட இரும்புக் கம்பியின் இரண்டு நுனியிலும் ஆளுக்கொரு குடம் தண்ணீரைக் கட்டி, நடுவில் பிடித்துச் சுற்றிப் பாருங்கள். கிளம்பவும் அடம்பிடிக்கும், கிளம்பினால் நிற்கவும் அடம்பிடிக்கும். அதே இரண்டு குடத்தையும் கைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து கட்டினால் சட்டென்று திரும்பும். எடை மாறவில்லையே? இல்லை, இடம்தான் மாறியது. பிளஸ் டூ புத்தகத்தில் நிலைமத் திருப்புத்திறன் என்று படித்தோமே, நிறையைத் தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கு என்று, அது இதுதான். 150 கிலோ எஞ்சின் காரின் நடுவிலிருந்து 1.2 மீட்டர் தள்ளி இருந்தால் 216. அதையே 0.6 மீட்டருக்குக் கொண்டுவந்தால் 54. தூரம் பாதியானது, திரும்ப மறுக்கும் பிடிவாதம் நாலில் ஒரு பங்காகிவிட்டது!

அக்காலத்துப் பந்தயக் கார்களில் எஞ்சின் முன் நுனியில், பெட்ரோல் டாங்க் வால் நுனியில். இரண்டு குடம் கட்டிய கம்பியேதான். இதிலே இன்னொரு வம்பும் உண்டு. பந்தயம் ஆரம்பிக்கும்போது நூறு லிட்டருக்கு மேல் பெட்ரோல் வாலில் இருக்கும், முடியும்போது காலி. ஆகவே முதல் சுற்றில் ஒரு மாதிரி திரும்புகிற வண்டி, கடைசிச் சுற்றில் வேறு மாதிரி திரும்பும். கூப்பர் காரில் எஞ்சின் நடுவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. டாங்குகளை டிரைவரின் இடுப்புக்கு இருபுறமும் வைத்தார்கள். பெட்ரோல் தீர்ந்தாலும் சமநிலை பெரிதாக மாறவில்லை. முன் எஞ்சின் காரில் டிரைவருக்குக் கீழேயோ பக்கத்திலேயோ ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் ஓடும். அவர் அதற்கு மேலே மேடையில் உட்கார்ந்த மாதிரி இருப்பார். ஷாஃப்டே இல்லையென்றால் ஆளைத் தரையோடு தரையாக உட்கார வைக்கலாம். காற்று மோதும் பரப்பு குறையும், எடை குறையும், எடை குறைந்தால் டயர் தேய்மானமும் குறையும். இதில் ஒவ்வொன்றும் ஒரு சின்ன லாபம்தான். ஆனால் எல்லாம் ஒரே மாற்றத்தில் சேர்ந்து வந்தன.

பின்னால் என்றால் எவ்வளவு பின்னால் என்பதையும் கவனிக்க வேண்டும். பின் ஆக்ஸிலுக்கும் பின்னால் எஞ்சினைத் தொங்கவிட்டால் அது மறுபடியும் குடம் கட்டிய கம்பிதான். வளைவில் வால் முன்னால் வரப் பார்க்கும். கூப்பரின் எஞ்சின் ஆக்ஸிலுக்கு முன்னால், டிரைவரின் முதுகை ஒட்டி இருந்தது. சங்கிலிக்காக 1946-இல் தற்செயலாக வைத்த அதே இடம்.

1957 மொனாக்கோ பந்தயத்தில், மற்றவர்களெல்லாம் இரண்டரை லிட்டர் எஞ்சினோடு வந்திருக்க, இரண்டு லிட்டருக்கும் கொஞ்சம் குறைவான கிளைமாக்ஸ் எஞ்சின் வைத்த கூப்பரில் பிராபம் மூன்றாவது இடத்தில் ஓடிக்கொண்டிருந்தார். கடைசி நேரத்தில் பெட்ரோல் பம்ப் உடைந்தது. இறங்கி, காரைத் தள்ளிக்கொண்டே போய் ஆறாவதாகக் கோட்டைத் தாண்டினார்.

அடுத்த ஆண்டு, 1958 ஜனவரி 19, அர்ஜென்டினா. ராப் வாக்கர் என்பவரின் தனியார் அணி சார்பாக ஒரே ஒரு கூப்பரில் ஸ்டிர்லிங் மாஸ். எதிரே ஃபெராரியும் மாசெராட்டியும். நடுவில் டயர் மாற்றியே ஆக வேண்டும் என்பது எல்லோருடைய எண்ணம். ஆனால் கூப்பர் சக்கரத்தில் நாலு போல்ட். மற்ற கார்களில் நடுவில் ஒரே நட்டு, சுத்தியலால் தட்டிக் கழற்றிவிடலாம். மாஸ் டயர் மாற்ற நின்றால் பந்தயம் போச்சு. என்ன செய்தார்கள்? மாற்றப் போகிறவர்கள் போலப் புது டயர்களை வெளியே எடுத்து வைத்து நாடகம் ஆடினார்கள். ஃபெராரிக்காரர்கள், எப்படியும் இவன் நிற்பான் என்று நிதானமாக வந்தார்கள். மாஸ் நிற்கவே இல்லை! டயர் தேய்ந்து உள்ளிருக்கும் நூல் தெரிய, லூயிஜி முஸ்ஸோவின் ஃபெராரியை விட 2.7 விநாடி முன்னால் வந்து சேர்ந்தார். எஞ்சின் பின்னால் வைத்த காருக்கு உலகச் சாம்பியன்ஷிப்பில் அதுவே முதல் வெற்றி. தந்திரத்தால் ஜெயித்தார்கள் என்று சிலர் முணுமுணுத்தார்கள். அடுத்த பந்தயம் மொனாக்கோ. அதிலும் கூப்பர்தான், ஓட்டியவர் மோரிஸ் டிரன்டின்யான். முணுமுணுப்பு நின்றது.

சர்பிட்டன் கராஜில் அப்பாவுக்கும் மகனுக்கும் ஓயாத வாக்குவாதம் என்பதையும் சொல்ல வேண்டும். சார்லஸ் கூப்பர் காசில் கறார். ஓடுகிற வண்டியில் கை வைக்காதே என்கிற கட்சி. மகனுக்கோ புதிது புதிதாகச் செய்ய வேண்டும். மேடாக் வரைந்து காட்டிய சேஸிஸ் படங்களையெல்லாம் பெரியவர் வேண்டாம் வேண்டாம் என்று தள்ள, அலுத்துப்போன மேடாக் ஒருநாள் குழாய்களை வளைத்து வளைத்து ஒன்றை வரைந்து வைக்க, பெரியவர் இதுதான் வேண்டும் என்றாராம்! நம் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் சார் பார்த்தால் மயங்கி விழுவார். ஃபிரேமில் குழாய் நேராக இருந்தால்தான் இழுவையையும் அழுத்தத்தையும் ஒழுங்காகத் தாங்கும். வளைத்தால் அது வளைந்துகொடுக்கும். ஆனால் அந்த வளைந்த குழாய்க் காரில்தான் 1959 உலகச் சாம்பியன்ஷிப் வந்தது.

அந்த ஆண்டின் கடைசிப் பந்தயம் அமெரிக்காவில் செப்ரிங் என்ற இடத்தில், டிசம்பர் 12-ஆம் தேதி நடந்தது. முதலில் ஓடிக்கொண்டிருந்த பிராபமுக்குக் கடைசிச் சுற்றில் பெட்ரோல் தீர்ந்துவிட்டது. மனிதர் மறுபடியும் இறங்கித் தள்ளினார்! சில நூறு கஜம் தள்ளி, கோட்டைத் தாண்டி, தரையிலேயே சாய்ந்துவிட்டார். நாலாவது இடம். சாம்பியன் பட்டம் அவருக்கே. பந்தயத்தை வென்றவர் அதே கூப்பர் அணியின் இருபத்திரண்டு வயது புரூஸ் மெக்லாரன். தன் கார் ஜெயித்தால் ரோட்டிலேயே குட்டிக்கரணம் போடுவது ஜான் கூப்பரின் வழக்கம்.

1960-இன் முதல் பந்தயத்திலேயே எச்சரிக்கை மணி அடித்தது. லோட்டஸ் கம்பெனியின் காலின் சாப்மன், கூப்பரைப் பார்த்து எஞ்சினைப் பின்னால் வைத்து ஒரு கார் செய்திருந்தார். அவர் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் படித்த எஞ்சினியர். கணக்குப் போட்டுச் செய்தது. இன்னும் லேசு, இன்னும் தாழ்வு. ஜானும் பிராபமும் அவசர அவசரமாக ஒரு தாழ்வான புதுக் காரைத் திட்டமிட்டார்கள். பின்பக்க லீஃப் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டுக் காயில் ஸ்பிரிங் வைக்கப் பெரியவரிடம் சம்மதம் வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அந்தக் காரில் பிராபம் தொடர்ந்து ஐந்து பந்தயங்களில் வென்று மீண்டும் சாம்பியன் ஆனார். அந்த ஐந்தில் ஒன்று ஜூன் 19-ஆம் தேதி பெல்ஜியத்தில் ஸ்பா என்ற இடத்தில் நடந்தது. அன்று இரண்டு இளம் ஆங்கிலேய வீரர்கள் உயிரிழந்தார்கள். கிறிஸ் பிரிஸ்டோ ஓட்டியது கூப்பர், ஆலன் ஸ்டேசி ஓட்டியது லோட்டஸ். லேசான கார்களில் டிரைவரைச் சுற்றி மெல்லிய தகடும் பெட்ரோலும்தான். சீட் பெல்ட்கூட அப்போது வழக்கத்தில் இல்லை. பரிசு வாங்கிய அன்றே சாவுச் செய்தியும் கேட்க வேண்டியிருந்த காலம் அது.

1961-இல் பிராபமும் கூப்பரும் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் 500 மைல் பந்தயத்துக்குப் போனார்கள். அங்கே 4.2 லிட்டர் எஞ்சினை முன்னால் வைத்த பூதங்கள். நடுவில் 2.7 லிட்டர் எஞ்சினோடு ஒரு பச்சைக் குட்டிக் கார். நேர்ப்பாதையில் பின்தங்கி, வளைவில் பிடித்துவிடும். ஒன்பதாவதாக வந்தது. ஒன்பதாவது இடத்துக்கு என்ன பெருமை என்று கேட்கலாம். 1964-க்குப் பிறகு முன்னால் எஞ்சின் வைத்த கார் எதுவும் அந்தப் பந்தயத்தில் ஜெயிக்கவில்லை. ஃபெராரியும் 1961-இல் எஞ்சினைப் பின்னால் கொண்டுபோய்விட்டது.

எல்லோரும் பின்னால் வைத்துவிட்டால் கூப்பருக்கு மட்டும் என்ன தனிச் சலுகை? 1961 முடிவில் பிராபம் தானே கார் செய்யப் போய்விட்டார். 1962-இல் சாப்மன் குழாய் ஃபிரேமையே தூக்கி எறிந்துவிட்டு, விமானம் மாதிரித் தகட்டால் ஆன உடல் செய்தார். கணக்குத் தெரிந்தவர்கள் முன்னே போனார்கள். கண் அளவிலும் கை அளவிலும் வேலை செய்த கராஜ் மெல்லப் பின்தங்கியது. 1962 மொனாக்கோவில் மெக்லாரன் வென்றதற்குப் பிறகு, நாலு வருஷம் ஒரு வெற்றியும் இல்லை.

இந்த நேரத்தில்தான் நம் எல்லோருக்கும் தெரிந்த மினி வருகிறது. 1959 ஆகஸ்டில் வெளிவந்த மினியின் தந்தை அலெக் இஸிகோனிஸ், ஜானின் பழைய சிநேகிதர். அவரும் எஞ்சின் வைக்கும் இடத்தைத்தான் மாற்றினார். முன்னாலேயே இருக்கட்டும், ஆனால் குறுக்கே திருப்பி வை. கியர் பாக்ஸை எஞ்சினுக்கு அடியில் வை. பத்தடிக் காரில் நாலு பேர் உட்கார இடம் கிடைத்தது. அதன் திரும்பும் அழகைப் பார்த்த ஜான், இதில் ரேஸ் கார் இருக்கிறதே என்று கண்டுகொண்டார். இஸிகோனிஸுக்கு அவ்வளவு ஆர்வம் இல்லை, அது சாதாரண ஜனங்களின் கார் என்பது அவர் எண்ணம். ஜான் கம்பெனித் தலைவர் ஜார்ஜ் ஹாரிமனைப் பார்த்துச் சம்மதம் வாங்கினார். 848 சி.சி.யில் 34 குதிரைத் திறன் இருந்ததை, 997 சி.சி.யில் 55 ஆக்கி, முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் வைத்து, 1961-இல் மினி கூப்பர் வந்தது. ஒரு காருக்கு இரண்டு பவுன் ராயல்டி என்று கைகுலுக்கிப் பேசி முடித்தார்கள். 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மான்டி கார்லோ ராலியை வென்றது. 1966-இலும் முதல் மூன்று இடம் மினிக்குத்தான். ஹெட்லைட் விதிப்படி இல்லை என்று தகுதி நீக்கம் செய்துவிட்டார்கள். அதனாலேயே இன்னும் புகழ் கூடியது!

இந்த மினிதான் அவர் உயிருக்கும் உலை வைத்தது. ஒரு எஞ்சின் முன்னால் இருக்கிறது, இன்னொன்றைப் பின்னாலும் வைத்தால்? நாலு சக்கரமும் இழுக்குமே! 1963-இல் இரட்டை எஞ்சின் மினி ஒன்றைச் செய்தார்கள். முன்பக்க அமைப்பு முழுவதையும் அப்படியே பின்னாலும் பொருத்தி, பின் சக்கரம் திரும்பிவிடாதபடி அதன் ஸ்டியரிங் கைகளை அசையாமல் கட்டி வைப்பது முறை. பதினேழு வருஷத்துக்கு முன்னால் இரண்டு டோப்போலினோ முன்பாதிகளை ஒட்டியவருக்கு இது பழக்கமான வித்தைதானே? ஆனால் அது 500 சி.சி. சங்கிலி வண்டி. இதில் எடையும் சக்தியும் அதிகம். முன்னால் ஒரு குடம், பின்னால் ஒரு குடம். கிங்ஸ்டன் பைபாஸ் ரோட்டில் ஜான் அதை ஓட்டிப் போனபோது வண்டி புரண்டது. தலையில் பலத்த அடி. பிழைத்ததே அதிர்ஷ்டம். அவர் குணமாகி வரும் வரை பந்தய அணியை கென் டிரெல் பார்த்துக்கொண்டார். பழைய வேகம் அதற்குப் பின் ஜானிடம் முழுதாகத் திரும்பவில்லை.

1964-இல் சார்லஸ் கூப்பர் காலமானார். சண்டை போட ஆள் இல்லாத கராஜில் ஜானுக்கு மனசு ஒட்டவில்லையோ என்னவோ, 1965-இல் பந்தய அணியை விற்றுவிட்டார். மாசெராட்டி எஞ்சின் வைத்து 1966-இல் மெக்ஸிகோவிலும் 1967-இல் தென்னாப்பிரிக்காவிலும் கூப்பர் கார் வென்றது. மொத்தம் 16 கிராண்ட் பிரி வெற்றிகளோடு அதன் கணக்கு முடிந்தது. 1971-இல் மினி கூப்பர் ஒப்பந்தத்தையும் புது நிர்வாகம் முடித்துக்கொண்டது. ஜான், தென்கடலோரம் ஃபெரிங் என்ற ஊரில் மறுபடியும் ஒரு கராஜ் நடத்தினார். அப்பாவைப் போலவே வருகிற வண்டிகளைப் பார்த்து அனுப்பிக்கொண்டு இருந்தார். 1990-இல் மினி கூப்பர் திரும்பவும் வந்தது. அரசாங்கம் சி.பி.இ. விருது கொடுத்தது. 2000 அக்டோபரில் பழைய மினியின் கடைசி வண்டி தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது. அதே வருஷம் டிசம்பர் 24-ஆம் நாள் ஜான் கூப்பர் மறைந்தார். வயது 77.

இந்தக் கதையை மாமாவிடம் சொன்னேன். மோட்டார் சைக்கிள் சங்கிலி விஷயத்துக்குச் சிரித்தார். அன்று அந்த ஜீப் எஞ்சினை நாலு அங்குலம் பின்னால் தள்ளியிருக்கலாமே மாமா என்று கேட்டதற்கு, கால் தகட்டை அறுக்க வேண்டும், ப்ரொப்பல்லர் ஷாஃப்டை லேத்தில் கொடுத்துக் குட்டையாக்க வேண்டும், கியர் லீவர் சீட்டில் இடிக்கும், ஒன்றரை நாள் கூலி, யார் கொடுப்பார் என்றார். கொஞ்ச நேரம் கழித்து, பேட்டரியையாவது எடுத்துப் பின்னால் வைத்திருக்கலாம் என்று அவராகவே சொல்லிக்கொண்டார்.